எம்.எஸ். நோயாளிக்கு எது உதவும்: ஊர்க் கிளினிக்கா, கொழும்பா, கைத்தொலைபேசியா?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த பிறகு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் குடும்பங்களிலிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்கிலேயே தொடர்வதா, கொழும்புக்கோ கண்டிக்கோ மாற்றிக்கொண்டு போவதா, தனியாரில் சனல் செய்து, அதாவது கட்டணம் கட்டி முன்பதிவு செய்து, காணொளியில் வைத்தியரைப் பார்ப்பதா என்று கேட்கிறார்கள். நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரவில் கைத்தொலைபேசியில் தேடிப் படித்து, அதைக் கொண்டே மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பதுதான் அது. நடைமுறையில் இருக்கும் வழி என்பதால் அதையும் மற்ற மூன்றோடு சேர்த்தே இங்கு எடைபோடுகிறேன்.

எம்.எஸ். நோயில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் மூளை, முள்ளந்தண்டு வடம், கண் நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக இந்நோயாளர்களை நாடுவாரியாகக் கணக்கிடும் எம்.எஸ். அட்லஸ் 2020ஆம் ஆண்டில் கணித்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதிகமாகவும் நம் பிராந்தியத்தில் அரிதாகவும் காணப்படும் நோய் இது. அந்த அரிதுதான் நமக்குள்ள இடர்ப்பாடுகளின் வேர். அயலில் இதே நோயுள்ள இன்னொருவரைச் சந்திப்பது கடினம், தமிழில் எழுதப்பட்டவை குறைவு, மருந்துகளும் எல்லாப் பார்மசிகளிலும் கிடைப்பவை அல்ல.

## எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், நோய் சரியாகக் கண்டறியப்பட்டிருக்கிறதா என்பது. எம்.எஸ். போலவே கண் நரம்பையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஒப்டிகா என்றொரு நோய் உண்டு. 2004இல் அக்குவாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி கண்டறியப்பட்ட பிறகே இவ்விரண்டையும் இரத்தப் பரிசோதனையால் தெளிவாகப் பிரித்தறிய முடிந்தது. பெயர் மாறுவதோடு இது முடிந்துவிடுவதில்லை. எம்.எஸ். நோய்க்குப் பயன்படும் இன்டர்ஃபெரோன் பீட்டா, ஃபிங்கோலிமோட், நட்டலிசுமாப் ஆகியவை அந்த மற்ற நோயைக் கடுமையாக்கக்கூடியவை. ஆகவே, நரம்பியல் நிபுணர் உடலைத் தொட்டுப் பரிசோதித்து, எம்.ஆர்.ஐ. படங்களைத் தாமே பார்த்து, தேவைப்பட்டால் முதுகுத் தண்டு நீரையும் சோதித்து உறுதிசெய்யாத ஒரு நோய்ப்பெயரை வைத்துக்கொண்டு வேறு எந்தத் தெரிவையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

இரண்டாவது, புதிதாக ஒரு தாக்கம், அதாவது நோய்க்குறி ஒன்று திடீரெனத் தோன்றும் நிலை, வந்தால் எவ்வளவு விரைவாக வைத்தியரின் கைக்குப் போய்ச் சேர முடியும் என்பது. மூன்றாவது, மருந்து இடைவெளியின்றித் தொடருமா என்பது. இதைச் சிலர் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஃபிங்கோலிமோட் போன்ற மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னையதைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும் என்பதால், இன்று கிடைத்து நாளை கிடைக்காமற் போகும் உயர்ந்த மருந்தைவிட, ஓரளவு வலிமை குறைந்தாலும் தடையின்றிக் கிடைக்கும் மருந்து சிலருக்குப் பாதுகாப்பானது.

நான்காவது மொழி. நோயாளி சொல்வது வைத்தியருக்கும் வைத்தியர் சொல்வது நோயாளிக்கும் முழுமையாக விளங்க வேண்டும். ஐந்தாவது செலவு. பணத்தோடு சேர்த்து நோயாளியின் உடற்களைப்பையும் துணைக்கு வருபவர் இழக்கும் நாட்கூலியையும் கணக்கில் எடுக்காவிட்டால் அது செலவுக் கணக்கே அல்ல.

## ஊர்க் கிளினிக்

இதன் வலிமை பலர் நினைப்பதைவிடப் பெரியது. எம்.எஸ். நோயாளியின் அன்றாடத் துன்பங்களில் பெரும்பகுதி விலையுயர்ந்த ஊசிகளால் தீர்வதில்லை. கால் விறைப்பு, சிறுநீரை அடக்க முடியாமை, மலச்சிக்கல், நரம்பு வலி, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு பக்லோஃபென், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய, மலிவான மருந்துகளும் இயன்மருத்துவரின் பயிற்சிகளும் போதுமான அளவு உதவுகின்றன. இவற்றுக்கு வாரா வாரம் ஆள் தேவை. வாழைச்சேனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ வசிப்பவர் இயன்மருத்துவத்துக்காகக் கொழும்பு போவது நடக்காத காரியம். அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைதான் அதற்கு இடம்.

புதிய தாக்கத்துக்கு வழமையாகக் கொடுக்கப்படும் மெதில்பிரெட்னிசோலோன், நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாட்களுக்கு இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படும் மருந்து. பொது வைத்திய நிபுணரின் மேற்பார்வையில் விடுதியில் தங்கி இதைப் பெறலாம். நரம்பியல் நிபுணர் முன்கூட்டியே எழுதித் தந்த கடிதமொன்று கையில் இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயை முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமாகும். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்காமல் கிளினிக்கை விட்டு வெளியே வர வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை.

மறைவான செலவுகளும் உண்டு. அரச கிளினிக் இலவசம் என்றாலும் அதிகாலையில் நம்பர் எடுத்து, வெயில் ஏறும்வரை வாங்கில் அமர்ந்திருப்பது எம்.எஸ். நோயாளிக்குச் சாதாரண விடயம் அல்ல. உடல் சூடாகும்போது அவருடைய பார்வையும் நடையும் தற்காலிகமாகத் தளர்ந்துவிடும். கூட்டம் அதிகமான நாளில் வைத்தியர் ஒருவருக்கு ஒதுக்கக்கூடிய நேரமும் சில நிமிடங்கள்தான். களஞ்சியத்தில் மருந்து தீர்ந்துவிட்டால் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கையில் எப்போதும் சில வார மருந்து மிச்சமிருக்கும்படி கிளினிக் திகதியை அமைத்துத் தரக் கேட்பது நியாயமான கோரிக்கை.

## கொழும்பு, கண்டி

கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் நரம்பியல் பிரிவுகள் பெரியவை. அரிய நோய்களை அடிக்கடி பார்க்கும் அனுபவம், பலவிதப் பரிசோதனைகளை ஒரே இடத்தில் செய்யும் வசதி, ஊசி வழியாக ஏற்றும் மருந்துகளுக்கான கண்காணிப்பு ஆகியவை அங்கு கூடுதலாகக் கிடைக்கும். நோய்ப்பெயரில் ஐயம் இருந்தாலோ, மருந்து எடுத்தும் தாக்கங்கள் தொடர்ந்து வந்தாலோ அங்கு போகத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பயணத்தை நோயாளியின் உடலால் அளந்து பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். கிழக்கின் ரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுவதால், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதியினர் மட்டக்களப்புக்கு வந்து ரயிலேற வேண்டும், அல்லது இரவு பஸ்ஸில் மகியங்கனை, கண்டி வழியாக முழுத்தூரமும் அமர்ந்து போக வேண்டும். சிறுநீர் அவசரமாக வரும் ஒருவருக்கு நினைத்த இடத்தில் நிற்காத பஸ் பெரும் வேதனை. அதனால் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நீர் குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும், தொற்று வந்தால் நோயின் பழைய குறிகள் மீண்டும் தலைதூக்கும். போவதென்றே முடிவானால், கழிப்பறை உள்ள ரயிலில், கிளினிக் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய் இளைப்பாறிவிட்டு வைத்தியரைப் பார்ப்பது நல்லது. இரவெல்லாம் விழித்திருந்து காலையில் நடந்து காட்டும் நடையைப் பார்த்து வைத்தியர் நோயின் நிலையை மதிப்பிட்டால், அந்த மதிப்பீடு தவறாகவும் அமையலாம்.

மருந்தைக் கொண்டுவருவதும் ஒரு பாடு. கிளாட்டிராமர் ஊசியும் சில வகை இன்டர்ஃபெரோன் ஊசிகளும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கப்பட வேண்டியவை. ஐஸ் பெட்டியில்லாமல் அவற்றைப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தால், வெயிலில் மருந்து கெட்டு, வாங்கிய பணமும் ஊசியைக் குத்திக்கொள்ளும் வேதனையும் வீணாகக்கூடும். மாறாக, ரிட்டுக்சிமாப் போன்று ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியசாலையிலேயே ஏற்றப்படும் மருந்தாக இருந்தால் தூரம் அவ்வளவு பெரிய தடையாகாது. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பயன்பட்டு வந்த இந்த மருந்தை, கிளாட்டிராமர், கிளாட்ரிபின் ஆகியவற்றோடு சேர்த்து, 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ். நோய்க்கான அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இம்மருந்துக்கு முன் ஹெப்பட்டைட்டிஸ் பி தொற்று இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த இரத்தப் பரிசோதனையை ஊரிலேயே முடித்து அறிக்கையோடு போனால் ஒரு பயணம் மிச்சம்.

மொழியைப் பற்றியும் திறந்து சொல்ல வேண்டும். தலைநகரக் கிளினிக்கில் தமிழில் பேசும் வைத்தியர் வாய்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த மகனையோ மகளையோ மொழிபெயர்க்க அழைத்துப் போகிறார்கள். சிறுநீர்ப் பிரச்சினையையும் தாம்பத்திய சிக்கலையும் எந்தத் தாய் தன் மகன் வாயால் வைத்தியரிடம் சொல்லவைப்பாள்? சொல்லாமலே திரும்பி வருவார்கள். கேள்விகளை முன்கூட்டியே ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வைத்தியரிடம் நேரே நீட்டுவது இதற்கு எளிய வழி.

பெரிய செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்க முடியும். 2025இலிருந்து அந்த விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். எந்தச் சிகிச்சைக்கு உதவி உண்டு என்பதைச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே செயலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## தனியார் சனலும் காணொளி ஆலோசனையும்

கோவிட் காலத்தில் பழக்கமான காணொளி ஆலோசனை, நிலை சீராக இருக்கும் நோயாளிக்கு நல்ல துணை. இரத்த அறிக்கையைக் காட்டுவது, பக்கவிளைவைச் சொல்வது, களைப்புக்கும் தூக்கத்துக்கும் ஆலோசனை கேட்பது ஆகியவற்றுக்கு 300 கிலோமீற்றர் போகத் தேவையில்லை. கண்ணின் உட்புறத்தைப் பார்ப்பதும் தசையின் விறைப்பைக் கையால் உணர்வதும் திரையில் முடியாதவை. ஆகவே முதல் நோயறிதலையும் புதிய தாக்கத்தையும் காணொளியில் முடிக்க முயலக்கூடாது.

கட்டணம் வெளிப்படையானது, மறைவான செலவு வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறொரு வைத்தியரைச் சனல் செய்தால் நோயின் தொடர்கதை யாரிடமும் முழுதாக இருக்காது. அவர் எழுதும் மருந்து அரச கிளினிக்கில் இல்லாவிட்டால் மாதாமாதம் கைக்காசு போகும். எம்.ஆர்.ஐ. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைத்தொலைபேசியில் எடுத்த புகைப்படத்தைக் கொண்டு சிறிய தழும்புகளை மதிப்பிட முடியாது. ஸ்கேன் எடுத்த இடத்திலேயே சீடியைக் கேட்டு வாங்கி, அதன் கோப்புகளை அப்படியே அனுப்ப வேண்டும்.

## இணையத்தில் படிப்பது

நோயாளியின் கல்வி சிகிச்சையின் ஒரு பகுதி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சில நிமிடக் கிளினிக்கில் கிடைக்காத விளக்கம் இணையத்தில் கிடைக்கிறது. 1946இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய எம்.எஸ். சங்கமும் 1953இல் தொடங்கிய பிரித்தானிய எம்.எஸ். சங்கமும் 1967இல் உருவான சர்வதேச எம்.எஸ். கூட்டமைப்பும் நோயாளிகளுக்கென எழுதி வெளியிடும் பக்கங்கள் நம்பத்தக்கவை. குறை என்னவென்றால், அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதும் வேறு நாட்டு வாழ்க்கையை மனதில் வைத்து எழுதப்பட்டிருப்பதும்தான்.

வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். உடலை வருத்தி உழைத்தபின் பார்வை மங்குவதை ஜேர்மன் கண் வைத்தியரான வில்ஹெல்ம் ஊட்ஹொஃப் 1890இல் விவரித்தார். உடல் சூடேறுவதே இதற்குக் காரணம் என்பதால், சூடான குளியலைத் தவிர்க்கும்படி அந்தப் பக்கங்கள் சொல்கின்றன. நம் கரையோரத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளியலறைக்குப் போகாமலே அந்தச் சூடு வந்துவிடும். அங்கு எழுதியதை இங்கு பொருத்திப் பார்க்கத் தெரிந்தவருக்கு அதனால் பெரும் பயன் உண்டு. வயலிலிருந்தோ அடுப்படியிலிருந்தோ வந்தபின் கால் தளர்ந்து, ஈரத் துணியும் காற்றாடியும் நிழலுமாக இளைப்பாறியபின் சரியாகிவிட்டால், அது நரம்புக்குப் புதிதாக ஏற்பட்ட சேதம் அல்ல. காய்ச்சலோ தொற்றோ இல்லாதபோது புதிய குறி ஒன்று தோன்றி 24 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால்தான் அதைத் தாக்கம் என்று கருதி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ இருந்தால் முதலில் ஊர் வைத்தியசாலையில் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். இவ்வளவையும் அறிந்த குடும்பம் வீண் பயணங்களைத் தவிர்க்கிறது. போக வேண்டிய நேரத்தில் தாமதிக்காமலும் போகிறது.

ஆபத்து மறுபுறத்தில் இருக்கிறது. 2009இல் பவுலோ சம்போனி என்ற இத்தாலிய வைத்தியர், கழுத்து நாளங்கள் ஒடுங்குவதே எம்.எஸ். நோய்க்குக் காரணம் என்றும் அவற்றை விரித்தால் நோய் தணியும் என்றும் சொன்னார். உலகெங்கும் நோயாளிகள் அந்தச் சிகிச்சைக்காகப் பணம் செலவழித்துப் பயணம் செய்தார்கள். அவரே தலைமை தாங்கிய கட்டுப்பாட்டு ஆய்வின் முடிவு 2017இல் வெளியானபோது அச்சிகிச்சை பயனற்றது என்று தெரிந்தது. ஆனால் நம்பிக்கை பெருகிய காலத்துக் காணொளிகள் இணையத்திலிருந்து தாமாக அழிந்துவிடுவதில்லை. எனவே எந்தப் பக்கத்திலும் முதலில் திகதியைப் பாருங்கள். அடுத்து, எழுதியவர் எதையாவது விற்கிறாரா என்று பாருங்கள். குருத்தணு (ஸ்டெம் செல்) ஊசி, முழுக் குணம், ஒரே மாதத்தில் நடை என்று சொல்லிக் கட்டண இலக்கம் தரும் பக்கத்தை அப்போதே மூடிவிட வேண்டும். மருந்தளவை இயந்திர மொழிபெயர்ப்பில் படித்து எடுப்பதும் ஆபத்தானது. அளவுகளை மருந்துச் சிட்டையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

இணையம் பதில் தராத கேள்விகளும் நம்மிடம் உள்ளன. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது போன்ற ஊர்களில் நோன்பு மாதம் நெருங்கும்போது, நோன்பு நோற்கலாமா, மருந்து வேளையை எப்படி மாற்றுவது என்ற கேள்வி எழுகிறது. நீரிழப்பும் வெப்பமும் களைப்பும் ஒருசேர வரும் மாதம் என்பதால், அதைப் பொதுப் பக்கத்தில் தேடாமல் ஒரு மாதம் முன்னரே தன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஊர்க் கிளினிக் | கொழும்பு, கண்டி | காணொளி ஆலோசனை | இணையக் கல்வி |
|---|---|---|---|---|
| நோயை உறுதிசெய்தல் | தொடங்கலாம் | ஐயமிருந்தால் அவசியம் | பொருந்தாது | பொருந்தாது |
| புதிய தாக்கம் | மிக நன்று | தூரம் தடை | வழிகாட்ட மட்டும் | அடையாளம் காண உதவும் |
| மருந்துத் தொடர்ச்சி | இலவசம், தட்டுப்பாடு வரலாம் | தெரிவுகள் அதிகம் | கைக்காசு | இல்லை |
| மொழி | தமிழ் | பெரும்பாலும் சிங்களம், ஆங்கிலம் | வைத்தியரைப் பொறுத்தது | பெரும்பாலும் ஆங்கிலம் |
| மறைவான செலவு | காத்திருப்பு, வெயில் | களைப்பு, தங்குமிடம், துணையின் கூலி | தொடர்ச்சி அறுதல் | தவறான நம்பிக்கை |

## எந்த நிலையில் எது

புதிதாக நோய்ப்பெயர் கிடைத்தவர் ஒருமுறையேனும் பெரிய நரம்பியல் பிரிவில் இரண்டாவது கருத்தைப் பெறுவது, எவ்வளவு சிரமமானாலும் தகும். அதன்பின் நிலை சீரானால் ஊர்க் கிளினிக்கே அவருடைய தாய்வீடாக இருக்க வேண்டும். கொழும்பில் மருந்து எடுத்தாலும் ஊர்க் கிளினிக் புத்தகத்தை மூடிவிடக்கூடாது. ஊரில் அவரைத் தெரிந்த வைத்தியர் எவரும் இல்லாத நாளில்தான் தாக்கம் வரும் என்று எண்ணியே திட்டமிட வேண்டும்.

நடை பெரிதும் தளர்ந்து, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு நீண்ட பயணத்தால் வரும் நன்மை குறைவு, தீமை அதிகம். படுக்கைப் புண், விறைப்பு, சிறுநீர்க் குழாய் பராமரிப்பு ஆகியவை உள்ளூரில் நடக்கட்டும். தொலைதூர நிபுணரைக் காணொளியில் கேட்கலாம்.

குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கு மேற்சொன்ன எல்லாமே தேவைப்படும். டெரிஃப்ளூனோமைட் மாத்திரை கருவுக்குக் கேடு விளைவிக்கும்; ஃபிங்கோலிமோடும் கிளாட்ரிபினும் கருத்தரிக்கும் முன்பே நிறுத்தப்பட வேண்டியவை. ஆகவே திருமணப் பேச்சு நடக்கும்போதே, எந்த மருந்து என்பதை நரம்பியல் நிபுணரிடம் நேரில் பேச வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்கங்கள் குறைகின்றன, பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் கூடுகின்றன என்று 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அந்த மூன்று மாதங்களில் கைக்குழந்தையோடு கொழும்பு போவது இயலாது என்பதால், தாக்கம் வந்தால் எந்த வைத்தியசாலையில் எந்த மருந்து, தாய்ப்பால் கொடுக்கும்போது எது பாதுகாப்பானது என்பதைப் பிரசவத் திகதிக்கு முன்பே எழுத்தில் வாங்கி, ஒரு பிரதியைக் கிளினிக் புத்தகத்திலும் இன்னொன்றைக் குடும்பநல மருத்துவ மாதுவிடமும் கொடுத்துவைக்க வேண்டும்.